மிதி, பிடி, விடு

மே 11, ஞாயிறு

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். "மாத்திரை மட்டும் போதாது குப்புராஜ், கோபம் வரும்போதெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள், பாதி இறங்கிவிடும்" என்றார். என் மனைவி தமயந்தி அவருடைய ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். அவள் என்னைப் பற்றி ஏதோ வத்தி வைத்திருக்கிறாள், அது எனக்குத் தெரியாதா? கோத்தகிரியில் ஹார்டுவேர் கடை வைத்து இத்தனை வருடமாகக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவனுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும். போகட்டும், எழுதுகிறேன்.

இன்று மூன்று பேரும் மேட்டுப்பாளையத்துக்குக் காரில் இறங்கினோம். பாதி மலையில் முன்சக்கரத்திலிருந்து தீய்ந்த வாசம். அடுத்த கொண்டை ஊசி வளைவில் பிரேக் பெடல் சொத்தென்று உள்ளே போனது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினேன். பின்னால் உட்கார்ந்திருந்த மகள் பாப்பா வாயே திறக்கவில்லை. பத்தாவது முடித்த பெண், பயந்தால் கத்த வேண்டாமா?

"ஏனுங்க, ஜெகா கடையில விட்டர்லாமுங்க. அவன் பிரேக் வேலதான செய்யறான்" என்றாள் தமயந்தி.

ஜெகதீசன் அவள் தம்பி. மேட்டுப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். இரண்டு வருடம் முன்பு பாப்பா பெரியவளானதற்குச் செய்த சீரில், சபை நடுவே, எல்லார் காதும் கேட்க என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டான். அந்தக் கேள்வியை இங்கே எழுத மாட்டேன். அன்றிலிருந்து அவன் கடை வாசலை நான் மிதித்ததில்லை. இதெல்லாம் தெரிந்தும் இவள் அவன் பேரை எடுக்கிறாள். பிரேக் சூடு ஆறியதும் காரை வீட்டுக்கே திருப்பி, ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். குமிழ் கையோடு வந்துவிட்டது. வெளியே வீசினேன்.

மே 13, செவ்வாய்

பாப்பாவுக்குக் கோயம்புத்தூரில் பிளஸ் ஒன் இடம் கிடைத்திருக்கிறது. ஜூன் முதல் தேதி ஹாஸ்டலில் சேர வேண்டும். இங்கே பள்ளிக்கூடம் இல்லையா என்ன? அவளாகவே விண்ணப்பம் போட்டு, அவளாகவே தேர்வெழுதி, கடைசியில்தான் எனக்குச் சொன்னார்கள். சரி, படிக்கட்டும். அப்பா காரில்தான் கொண்டுபோய் விடுவார் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் பிரேக் சரியாக வேண்டும்.

பழைய பிரேக்கையே மறுபடி மாட்டுவதில் பிரயோசனமில்லை. இதே காரின் பெரிய இன்ஜின் மாடலுக்கு முன்னால் பெரிய டிஸ்க் வருகிறது. அதைக் கழற்றி இதில் அப்படியே மாட்டலாம். கோயம்புத்தூரில் ஒரு கடையில் கேட்டேன். ஜூன் பாதி வரை நேரமில்லையாம், கூலியும் சாமான் விலைக்கு மேலே கேட்கிறான். போனிலேயே நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டு வைத்தேன்.

மாலையில் பார்த்தால் தமயந்தி சமையலறையில் குசுகுசுவென்று போன் பேசுகிறாள். பிடுங்கிக் காதில் வைத்தேன். "நீ வண்டிய மட்டும் அனுப்புக்கா, அரை நாள் வேலை, மாமாகிட்ட கூலியெல்லாம் வாங்க மாட்டேன்" என்கிறான் மச்சினன். எனக்குப் பிச்சை போடுகிறானாம்!

போன் சுவரில் பட்டு இரண்டாகிவிட்டது. பழைய போன்தான். வேறு வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

மே 16, வெள்ளி

கோயம்புத்தூர் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து டிஸ்க்கும் கேலிப்பரும் வாங்கிவிட்டேன். கேலிப்பர் என்பது டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பாகம். ஒரு சக்கரத்துக்கு ஒன்று, ஆக ஜோடி. கடைக்காரன் இரண்டிலும் சாக்பீஸால் ஏதோ குறித்து, "பாத்துப் போடுங்கண்ணா, மெக்கானிக் இருக்காருல்ல?" என்றான். நான்தான் மெக்கானிக் என்றேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தன் சிரித்தான். என்னைப் பார்த்துத்தான் சிரித்தான். டம்ளரோடு சேர்த்து ஒரு தட்டு தட்டினேன், டீ முழுக்க அவன் முகத்தில். நாலு பேர் வந்து விலக்கினார்கள். சட்டைப் பை கிழிந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பளபளவென்று கழுவினேன். புதுசு தோற்றுவிடும். மனசு கொஞ்சம் ஆறியது, டாக்டர்.

மே 18, ஞாயிறு

இன்று கடைக்கு லீவு. காலையிலிருந்து கார்தான். முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிக் கட்டைகளின் மேல் நிறுத்தினேன். ஒரு போல்ட் துருப்பிடித்து இம்மியும் அசையவில்லை. ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினேன். சட்டென்று வழுக்கியதில் நான்கு விரல் முட்டியும் மட்கார்டில் உரசித் தோல் கழன்றது. வலியைவிட ஆத்திரம்தான் அதிகம். அதே குழாயால் மட்கார்டை அடித்தேன். எத்தனை அடி என்று நினைவில்லை. பக்கத்து வீட்டு நாய் குலைத்துக்கொண்டே இருந்தது, அதற்கும் ஒரு கல்.

தமயந்தி வந்து கழுவிக் கட்டுப் போட்டாள். "மெதுவா செய்யுங்க" என்று ஒரு புத்திமதி. வீட்டிலும் நர்ஸ் என்கிற நினைப்பு போகவில்லை. அவளைத் தள்ளிவிட்டு மறுபடி குனிந்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் பெரிய டிஸ்க், பெரிய கேலிப்பர், புது ஹோஸ் எல்லாம் மாட்டியாகிவிட்டது. எந்த ஒர்க்‌ஷாப்காரன் மாட்டியிருந்தாலும் இவ்வளவுதான் செய்திருப்பான். பாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்குப்பா" என்று வாசற்படியிலிருந்தே சொன்னாள்.

மே 19, திங்கள்

இடுப்பு நகரவில்லை. கடை திறக்கவில்லை.

மே 20, செவ்வாய்

புதுப் பிரேக் மாட்டினால் குழாயில் காற்று நிற்கும். அதை எடுக்காவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தர் சக்கரத்தடியில் படுத்துக் கேலிப்பரில் இருக்கும் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறக்க வேண்டும். ஆயிலோடு குமிழ் குமிழாகக் காற்று வரும். மூடின பிறகுதான் பெடலை விட வேண்டும், முன்னாலேயே விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். மிதி, பிடி, விடு. மூன்றே வார்த்தை, சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

தமயந்தி டூட்டி முடிந்து வந்ததும் உட்காரவைத்தேன். நிப்பிளில் ஒரு ரப்பர் குழாய், அதன் மறுமுனை ஒரு பாட்டிலில்.

"மிதி."

"மிதிச்சாச்சுங்க."

"பிடி. விடாத. ம்... இப்ப விடு."

முதலில் நிறையக் குமிழ் வந்தது. பிறகு வெறும் ஆயில். சரியாகிவிட்டது என்று நானே போய்ப் பெடலை அமுக்கிப் பார்த்தால் தரை வரை போகிறது. மறுபடி, மறுபடி, ஒரு பாட்டில் ஆயில் முடிகிற வரை செய்தோம். பெடல் பஞ்சாகவே இருக்கிறது. இவள் நான் சொல்வதற்கு முன்னாலேயே காலை எடுக்கிறாள், வேறென்ன.

"ஏனுங்க, நா ஒண்ணு சொல்லட்டுங்களா? அந்த நிப்பிளு அடியில இருக்குதுங்களே. காத்து மேலதானுங்க போகும். ஊசி போடறப்ப நாங்க மேல பாத்துப் புடிச்சுத்தான் காத்த வெளிய..."

ஊசி போடுகிறவள் எனக்குப் பிரேக் சொல்லித்தருகிறாள். கதவை அடித்து மூடினேன். அவள் கால் முழுவதுமாக உள்ளே வந்திருக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

மே 22, வியாழன்

மறுபடி உட்கார்ந்தோம். அவளுக்கு அமுக்குவதென்றால் என்னவென்றே தெரியவில்லை. எப்படி அமுக்க வேண்டும் என்று காட்டுவதற்காக அவள் பாதத்தின் மேல் என் பூட்ஸ் காலை வைத்து மிதித்தேன். "இந்த மாதிரி, இந்த மாதிரி" என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன். கற்றுக்கொடுப்பது தப்பா? அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன்.

பெடல் அப்படியேதான் இருக்கிறது.

மே 23, வெள்ளி

தமயந்தி என் செருப்பைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனாள். அவள் செருப்புக்குள் கால் நுழையவில்லையாம்.

மே 24, சனி

எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

மூன்றாவது முறை. நான் சக்கரத்தடியில் மல்லாக்கப் படுத்திருக்கிறேன், மார்புக்கு மேல் கார். "மிதி" என்றேன், பதில் இல்லை. "மிதி!" என்று கத்தினேன், அப்போதும் இல்லை. தலையைத் திருப்பிப் பார்த்தால் கதவு திறந்திருக்கிறது, அவள் கால் மட்டும் தெரிகிறது, வீங்கின கால். என் தலைக்குப் பக்கத்தில் காரைத் தாங்கிக்கொண்டிருந்த ஜாக்கி. அவள் அந்த ஜாக்கியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. சும்மா தோன்றியதுதான். தமயந்தியைப் பார்த்து நான் பயந்தது அதுதான் முதல் தடவை.

"உக்காந்துட்டனுங்க. மிதிக்கறேன்" என்றாள் கொஞ்சம் பொறுத்து.

வேகமாக வெளியே வந்தேன். அந்தப் பயம்தான் என்னை வெறியனாக்கியது, இதை எழுதிவிடுகிறேன். பெடலை அமுக்கினால் மறுபடி பஞ்சு. கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. காரைத்தான் அடித்தேன். கண்ணாடி ஒன்று போனது. கதவு விளிம்பை அடித்தபோது அவள் கை அங்கே இருந்தது. காரிலிருந்து இறங்குகிறவள் கையை எங்கே வைப்பது என்று பார்க்க வேண்டாமா? காய்ந்த குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தால் பாப்பா வாசலில், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்து நிற்கிறாள். பாப்பா மேல் நான் கை வைத்ததே கிடையாது. எதற்கு அப்படி நிற்கிறாளோ.

ஆஸ்பத்திரியில் வலது மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். ஜாக்கி சரிந்து விழுந்துவிட்டது என்று அவளே சொன்னாள். நான் சொல்லச் சொல்லவில்லை. டாக்டர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

மே 25, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

மே 26, திங்கள்

காரைத் தெருவுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பெடலை இரண்டு தடவை சடசடவென்று அடித்தால் மூன்றாவதில் பிடிக்கிறது. நன்றாகவே பிடிக்கிறது. இது போதும். ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும் என்று சொன்னவர்கள் எல்லாரும் வந்து பார்க்கட்டும்.

மே 27, செவ்வாய்

பாப்பா போன் செய்திருக்கிறாள். மத்தியானம் ஜெகதீசன் வந்து கேட்டைத் தட்டினான்.

"அக்காவக் கூப்புடுங்க மாமா."

"என் வீட்டுக்கு வந்து எனக்கே உத்தரவு போடறயா?"

தமயந்தி கையைத் தொட்டிலில் போட்ட மாதிரி துணியில் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான், பிறகு அவள் காலைப் பார்த்தான். காரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அன்னைக்கு பாப்பா சீருல, அக்கா கழுத்துல என்ன தடம்னு சபையில வெச்சுக் கேட்டேன். சங்கிலி அறுத்ததுன்னு சொன்னீங்க. இன்னைக்கு என்ன அறுத்துச்சு?"

எழுத மாட்டேன் என்றிருந்தேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

ஜாக்கிக் கம்பியை எடுத்து வீசினேன். அவன் ஒதுங்கிக் கம்பியைப் பிடித்துவிட்டான். என் சட்டையைச் சுருட்டிப் பிடித்து பானட் மேல் மல்லாக்கச் சாய்த்து முகத்தில் இறக்கினான். ஒன்று, இன்னொன்று. பல் ஒன்று ஆடிப்போய் வாயெல்லாம் ரத்தம். "போதும் ஜெகா, விட்டுரு" என்று தமயந்தி கத்தினாள். உடனே விட்டுவிட்டான். கம்பியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி அவளிடம் போனான்.

எனக்கு முதுகைக் காட்டினது அவன் தப்பு. கம்பியை எடுத்து ஒரே அடி, காதுக்குப் பின்னால். முட்டி போட்டுச் சரிந்தான். ரத்தம் காலர் வழியாக முதுகில் இறங்கியது. தெருவே கூடிவிட்டது. தமயந்தி ஒரு கையாலேயே அவன் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாப்பாவை விட்டுத் துண்டு கொண்டுவரச் சொல்லி, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். என் வாயைப் பார்க்க ஒருத்தருமில்லை.

அவன்தான் வந்து ஆரம்பித்தான். இதைக் குறித்து வைக்கிறேன்.

மே 28, புதன்

எழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. பாப்பாவின் பெட்டியைக் காணோம். அடுப்பில் எனக்கு இட்லி மூடி வைத்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். இப்போதுதான் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினார்களாம்.

பாப்பாவை என் காரில்தான் கொண்டுபோய் விடுவேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. போகிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

வார்டு நர்ஸிடம் காகிதம் கேட்டு வாங்கினேன். இடது கையால் எழுதுகிறேன். வலது கை இரண்டு இடத்தில் ஒடிந்திருக்கிறது, விலா எலும்பும் போயிருக்கிறது. மூச்சு இழுத்தால் குத்துகிறது. கோணல் மாணலாக இருந்தாலும் எழுதி முடிக்க வேண்டும்.

அன்று காரை விரட்டினேன். முதல் சில வளைவுகளில் பிரேக் பிடித்தது. அடித்து அடித்துப் பிடித்தேன். பிறகு தீய்ந்த வாசம் வந்தது. பஸ்ஸின் பின்பக்கம் தெரிந்ததும் சந்தோஷத்தில் இன்னும் மிதித்தேன், ஆக்ஸிலேட்டரைத்தான். அடுத்த வளைவில் மேலே வருகிற லாரிக்கு வழிவிட பஸ் நின்றுவிட்டது. பெடலை அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் பிடிக்க வேண்டும். அது தரையில் போய் ஒட்டிக்கொண்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்ததும் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

பஸ்ஸின் கடைசி சீட்டில் பாப்பா. பின் கண்ணாடி வழியாக என் காரைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள். வீட்டில் செய்கிற மாதிரியே.

ஸ்டியரிங்கை நான் திருப்பினேனா, வழுக்கின வேகத்தில் அதுவே திரும்பியதா, எனக்குத் தெரியாது. நான்தான் திருப்பினேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. கார் மலைப்பக்கப் பாறையில் மோதியது. இரும்பு கிழிகிற சத்தம், வாயெல்லாம் கண்ணாடித் துண்டு. ஸ்டியரிங் மார்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கையிலிருந்து ரத்தம் விட்டு விட்டுப் பீய்ச்சியடித்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், என்னுடையது என்றே தோன்றவில்லை.

பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கி ஓடிவந்தவள் தமயந்தி. நொண்டிக்கொண்டே வந்தாள். துப்பட்டாவை என் கையில் சுற்றி, அவளுக்கு ஒரு கைதானே, மறுமுனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சு இல்லாவிட்டால் வழியிலேயே போயிருப்பேன் என்றார்கள் இங்கே. அவள் முகம் என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அழுகை இல்லை, கோபம் இல்லை. வார்டில் யாரோ ஒரு நோயாளியைப் பார்க்கிற முகம்.

இன்று பாப்பா ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். தலையில் தையலோடு ஜெகதீசன் கொண்டுபோய் விட்டானாம். மத்தியானம் தமயந்தி தனியாக வந்தாள். அதே நேரத்தில் போலீஸ் ஏட்டும் வந்தார். பெரியவர், மரியாதையாகப் பேசினார்.

"கார எக்ஸ்பர்ட் பாத்துட்டாருங்க. முன்னாடி பிரேக்குல லெஃப்ட் பக்கத்துது ரைட்லயும், ரைட் பக்கத்துது லெஃப்ட்லயும் மாத்திப் போட்டுருக்காங்களாம். அதனால காத்து எடுக்கற நிப்பிள் தலைகீழா அடியில போயிருச்சு. காத்து மேலேயே நின்னுக்குமாம், ஆயிரம் தடவ மிதிச்சாலும் வெளிய வராதாம்."

தமயந்தி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

ஆயிரம் தடவை மிதிக்கவில்லை. ஆனால் அவள் நிறைய மிதித்தாள். சரியாகத்தான் மிதித்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் சரியாக மிதித்திருக்கிறாள்.

"பஸ்ஸு முழுக்க ஜனங்க. நல்லவேள தப்பிச்சாங்க. இத எந்த ஒர்க்‌ஷாப்ல போட்டீங்க? பேரச் சொல்லுங்க, அவன் மேல கேஸ் போட்டுர்லாம்" என்றார் ஏட்டு.

வாயில் தயாராக இருந்தது போல வந்துவிட்டது. "மேட்டுப்பாளையத்துல... மச்சினன் கடை. ஜெகதீசன்."

ஏட்டு எழுதக் குனிந்தார். தமயந்தி ஜன்னலை விட்டு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"இல்லீங்க" என்றாள். "எந்தம்பி அந்த வண்டியத் தொடவே இல்லீங்க. வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் இவருதான் வீட்டுல வெச்சுச் செஞ்சாரு."

ஏட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் பார்வை அவளுடைய மாவுக்கட்டுக்குப் போனது, அங்கிருந்து என் செருப்பைப் போட்டிருந்த அவள் காலுக்குப் போனது.

"இது என்னம்மா? ஜாக்கி சரிஞ்சுதுன்னு ஆஸ்பத்திரில எழுதியிருக்குதாமே?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேனா என்று காத்திருந்த மாதிரி இருந்தது. 'பிடி' என்று சொல்லிவிட்டு நான் மறந்துவிட்டால்கூடக் காலை எடுக்காமல் இருப்பாளே, அந்த மாதிரி.

நான் மறுபடி கூரையைப் பார்த்தேன்.

"இதுவும் இவருதாங்க" என்றாள்.

ஏட்டு வேறு ஒரு தாளை எடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். கால் வீங்கின நாளிலிருந்து கழுத்துத் தடம் வரை, பின்னாலிருந்து முன்னால் போகிற மாதிரி, அவள் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் எழுதாமல் விட்டதெல்லாம் அதில் இருந்தது. முடிந்ததும் அவர் தாளைத் திருப்பி வைத்தார். வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். என் எழுத்து மாதிரியே கோணலாக இருந்தது. பிறகு என் செருப்பைக் கழற்றிக் கட்டிலடியில் ஒழுங்காக வைத்துவிட்டு, வெறுங்காலோடு வார்டை விட்டுப் போனாள்.